டார்ச்சைக் கடைசியில் வாங்குங்கள்: சிங்கப்பூர் வீட்டில் கண்ணாடி மணி செய்யத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

கண்ணாடிக் குச்சியைச் சுடரில் இளக்கி, கம்பியில் சுற்றி, மணியாக்குவதை ஒரு முறை பார்த்துவிட்டால் கை துறுதுறுக்கும். அன்றிரவே அந்தச் சுடரைத் தரும் வாயு டார்ச் என்ன விலை என்று இணையத்தில் தேடத் தொடங்கிவிடுவோம். தனி வீடும் கார் கொட்டகையும் இருக்கும் நாட்டுக்காரர்களுக்கு அந்த வரிசை ஒத்துவரலாம். சிங்கப்பூரில் வரிசை தலைகீழ். இங்கே தொடக்கநிலை டார்ச்தான் ஆகக் குறைந்த செலவு. அதை வைக்க இடம், எரிக்க வாயு, புகை வெளியேற வழி, செய்த மணியை ஆற்றச் சூளை ஆகிய நான்கும்தான் பணத்தையும் யோசனையையும் கேட்பவை. இவை உறுதியாகும் முன் டார்ச்சை வாங்கினால், அது அலமாரியில் தூங்கிவிட்டு ஒருநாள் பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் விற்பனைக்குப் போகும்.

லேம்ப்வொர்க் என்று இன்று உலகெங்கும் அழைக்கப்படும் இந்தக் கைவேலையில், ஊதுகுழலும் பெரிய உலையும் கிடையாது. மேசையில் பொருத்திய டார்ச்சின் சுடர், பென்சில் பருமனில் கண்ணாடிக் குச்சி, களிமண் பூச்சுத் தடவிய எஃகுக் கம்பி, இவ்வளவுதான். அரிக்கமேட்டில் கிடைத்த சிறு மணிகளோடு இதைச் சிலர் குழப்பிக்கொள்வதுண்டு. அவை பெரும்பாலும் உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, பிறகு துண்டு துண்டாக நறுக்கிச் செய்தவை, வேலைமுறையே வேறு. ஃபோர்ட் கேனிங் குன்றில் நடந்த அகழாய்விலும் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே இந்தத் தீவுக்குக் கண்ணாடி மணி புதிதல்ல. அடுக்குமாடி வீட்டுக்குள் அதைச் செய்வதுதான் புதிது.

முதல் படி: இடமும் அனுமதியும்

சிங்கப்பூரில் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் வசிக்கிறோம். அங்கே திறந்த சுடரும் அழுத்த வாயுவும் வைத்துக் கைவேலை செய்யலாமா என்பதற்கு இணையத்தில் யாரோ சொன்ன பதிலை நம்பக் கூடாது. பெட்ரோலியமும் தீப்பற்றும் பொருள்களும் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் கட்டுப்பாட்டில் வருகின்றன. எந்த வாயுவை எவ்வளவு வீட்டில் வைக்கலாம் என்று அவர்களிடமும், இப்படிப்பட்ட வேலைக்கு வீட்டைப் பயன்படுத்தலாமா என்று வீவகவிடமும் எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலில் வரும் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொண்டோமினியம் என்றால் நிர்வாகத்தின் விதிகள் வேறு இருக்கும். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதமும் தேவை. வீட்டுக் காப்புறுதி செல்லுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அனுமதி இருந்தாலும் வீட்டில் எல்லா இடமும் ஏற்றதல்ல. வெடிகுண்டுப் புகலிட அறை முதலில் கண்ணில் படும்: கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, தீப்பிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் அங்கே காற்று வராது. எரியும் சுடர் உயிர்வாயுவைத் தின்று, கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அந்த அறையிலேயே நிரப்பிவிடும். அந்த இடத்தை மறந்துவிடுங்கள். பொது நடைவழியும் கூடாது. அது எல்லோரும் தப்பிக்கும் வழி. குளிர்சாதனம் போட்டு மூடிய படுக்கையறையும் கூடாது. மிஞ்சுவது சன்னல் உள்ள சமையலறைக் கோடி, துணி துவைக்கும் பின்கட்டு, அகலமான பால்கனி. தரைவீடு உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன்: அடுக்குமாடியில் வசிக்கும் பலருக்குச் சரியான வழி, சுடர் வேலையைப் பட்டறையில் வைத்துக்கொள்வதுதான். பயிற்சி வகுப்பு நடத்தி, பிறகு மணிக்கணக்கில் மேசையை வாடகைக்கு விடும் பட்டறை கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் சொந்தமாக வாங்க வேண்டியவை கண்ணாடி, கம்பி, கையடக்கக் கருவிகள், கண்ணைக் காக்கும் கண்ணாடியணி மட்டும்தான். எப்படியானாலும் ஒரு வகுப்பாவது முடித்துவிட்டு வாங்குங்கள். எந்த டார்ச்சின் முன் உங்கள் தோள் தளர்ந்து உட்கார்கிறது என்பது விளம்பரப் படத்தில் தெரியாது.

இரண்டாம் படி: புகை போக வழி

இதில் கஞ்சத்தனம் கூடாது. சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பவர்கள் சிங்கப்பூரின் பிற்பகல் காற்றை அறியாதவர்கள்; பாதி நாள் அது அசையாது, மீதி நாள் உள்நோக்கி அடிக்கும். சுடருக்கு மேலே ஒரு கூண்டு, அதிலிருந்து உலோக மடிப்புக் குழாய், குழாயின் நடுவில் காற்றை இழுக்கும் விசிறி, குழாயின் வாய் சன்னலுக்கு வெளியே. இந்த நான்கும் இருந்தால்தான் அது புகைபோக்கி. கரி வடிகட்டி வழியாகக் காற்றைச் சுற்றி மீண்டும் சமையலறைக்குள்ளேயே விடும் கூண்டுகள் இங்கே பல வீடுகளில் உண்டு. அவை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது.

வெளியே போகும் காற்றுக்கு ஈடாகப் புதுக் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். எதிர்ச் சன்னலையோ கதவையோ திறந்து வையுங்கள். அப்போது புகை முகத்தைத் தொடாமல் முன்னோக்கிப் போகும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்: அது சுடரை வளைக்கும், பாதி செய்த மணியை ஒரு பக்கமாகக் குளிரவைத்து வெடிக்கச் செய்யும். வியர்க்கத்தான் செய்யும். காலை வேளையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று வாங்கி அறையில் வையுங்கள். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் கட்டாயமாகியுள்ள தீ எச்சரிக்கைக் கருவி புகையைக் கண்டறிவதற்கானது. அது இதற்கு ஈடாகாது. குழாயை வெளியே விடச் சுவரையோ சன்னல் சட்டத்தையோ உடைக்க நினைத்தால், அதற்கும் அனுமதி வேண்டும். சன்னல் இடைவெளியில் பொருந்தும் பலகையில் துளையிட்டு, வேலை முடிந்ததும் கழற்றி வைப்பது எளிது.

மூன்றாம் படி: கண்ணுக்கு

சோடா சுண்ணாம்புக் கண்ணாடி சுடரில் பட்டதும் கண்ணைக் கூசும் மஞ்சள் ஒளி எழும்பும். அது சோடியத்தின் ஒளி, அலைநீளம் 589 நானோமீட்டர். அந்த ஒளிக்குப் பின்னால் கண்ணாடி இளகுகிறதா, சொட்டப் போகிறதா என்று எதுவும் தெரியாது. டிடிமியம் கண்ணாடியணி அந்த மஞ்சளை மட்டும் வடிகட்டிவிடும். அணிந்தவுடன் மஞ்சள் மறைந்து, குச்சியின் நுனி தெளிவாகத் தெரியும். மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு அதன் மேலேயே மாட்டிக்கொள்ளும் வகை உண்டு.

குளிர்க்கண்ணாடி இதற்கு உதவாது. வெல்டிங் கண்ணாடியும் உதவாது, இருட்டாக்கி நிறத்தையே கொன்றுவிடும். பின்னாளில் அதிகச் சூட்டில் இளகும் போரோசிலிகேட் கண்ணாடிக்கு மாறினால் டிடிமியம் மட்டும் போதாது. அதன் உயர் வெப்பத்தில் வரும் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்க, கூடுதல் நிழல் எண் (எவ்வளவு இருட்டாக்கும் என்ற அளவு) கொண்ட அணி வேண்டும். தொடக்கத்தில் அந்தக் கவலை வேண்டாம்.

நான்காம் படி: சூளை

மொத்தப் பட்டியலிலும் பெரிய செலவு இதுதான். டார்ச்சுக்குச் சில பத்து வெள்ளி என்றால், நல்ல மணிச் சூளை இறக்குமதிச் செலவோடு சேர்ந்து ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிடும். அதனால்தான் ‘சூளை பிறகு பார்க்கலாம்’ என்ற அறிவுரை எங்கும் கிடைக்கிறது. எனக்கு அது உடன்பாடில்லை.

மணி சுடரைவிட்டு வெளியே வந்ததும் அதன் மேல்தோல் முதலில் இறுகுகிறது, உள்ளே இன்னும் சூடு. உள்பகுதி பிறகு சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிவிட்ட மேல்தோல் இடங்கொடாமல் முரண்டுபிடிக்கிறது. அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடும். சில மணிகள் மறுநாள் காலையில் இரண்டாகக் கிடக்கும். சில, கழுத்தில் கோத்துக் கல்யாணத்துக்குப் போன பிறகு உடையும். இதைத் தவிர்க்கத்தான் அனீலிங்: மணியைக் குறிப்பிட்ட வெப்பத்தில் நிறுத்தி, இறுக்கம் தளர்ந்த பின் மெல்ல மெல்ல ஆற்றுவது. மென்கண்ணாடி எனப்படும் சோடா சுண்ணாம்புக் கண்ணாடிக்கு அது ஏறத்தாழ 510 முதல் 520 டிகிரி செல்சியஸ், போரோசிலிகேட்டுக்கு 565 டிகிரி.

இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். ரொட்டி சுடும் மின்னடுப்பு 250 டிகிரியோடு நின்றுவிடும். எந்த வித்தை செய்தாலும் அனீலிங்குக்கு ஆகாது. மைக்ரோவேவுக்குள் வைக்கும் சிறு சூளைகளில் வெப்பத்தைப் பிடித்து நிறுத்த முடியாது. வெர்மிகுலைட் துகளில் புதைத்து வைப்பதும் பீங்கான் நார்ப் போர்வையில் சுற்றுவதும் மணி ஆறும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவே, இறுக்கத்தை நீக்காது. ஆனாலும் அந்த வழிக்கு ஒரு பயன் உண்டு. அப்படி ஆறி, உடையாமல் பிழைத்த மணிகளைச் சேர்த்து வைத்து, சூளை உள்ள பட்டறையில் மொத்தமாக அனீல் செய்துகொள்ளலாம். குளிர்ந்த மணியை மெதுவாகச் சூடேற்றி, நிறுத்தி, மெதுவாக ஆற்றினால் பலன் ஒன்றுதான். கையில் பணம் குறைவாக இருக்கும் முதல் சில மாதங்களை இப்படிக் கடத்தலாம். வெர்மிகுலைட் இங்கே செடி விற்கும் கடைகளிலேயே கிடைக்கிறது.

சூளை வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் முதலாவது மின்னழுத்தம். பாராகன், ஸ்கட், ஜென்கென் போன்ற அமெரிக்கத் தயாரிப்புகளின் சாதாரண மாதிரி 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டில் 230 வோல்ட். ‘மின்மாற்றி வைத்துக்கொள்ளலாம்’ என்று விற்பவர் சொல்லலாம். அந்தச் சுமையைத் தாங்கும் மின்மாற்றி கனத்த இரும்புப் பெட்டி, விலையும் அதற்கேற்றபடி. 240 வோல்ட் மாதிரியைக் கேட்டு வாங்குங்கள். சிறு மணிச் சூளைகள் பெரும்பாலும் 2 கிலோவாட்டுக்குள் அடங்கும். அதாவது 9 ஆம்பியருக்குள். நம் 13 ஆம்பியர் சுவர்ச் செருகி அதைத் தாங்கும், ஆனால் நீட்டிப்புக் கம்பியில் குளிர்பதனப் பெட்டியோடு சேர்த்து மாட்டினால் தாங்காது. செருகி மூன்று முனையுள்ளதாக, சிங்கப்பூர்ப் பாதுகாப்பு முத்திரை பதித்ததாக இருக்கட்டும். தனி மின்னிணைப்பு தேவைப்பட்டால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

அடுத்தது கட்டுப்பாட்டுக் கருவி. வெப்பத்தை ஏற்றுவது, நிறுத்துவது, இறக்குவது என்று படிப்படியாக நிரல் எழுதக்கூடிய எண்ணியல் கட்டுப்பாடு இருந்தே ஆக வேண்டும். வெறும் சுழல்குமிழ் மட்டும் உள்ள பழைய எனாமல் சூளை மலிவாகக் கிடைத்தால், அதன் முன் இரவெல்லாம் உட்கார்ந்து குமிழைத் திருகத் தயாரா என்று யோசியுங்கள். மூன்றாவது, கதவு. கம்பியோடு மணியை உள்ளே நீட்ட, முன்பக்கத்தில் சிறு மடிப்புக் கதவு இருந்தால் ஒவ்வொரு முறையும் பெருங்கதவைத் திறந்து வெப்பத்தை இழக்க வேண்டியதில்லை.

நிரல் எளிது. வேலை செய்யும்போது சூளை 515 டிகிரியில் நிற்கட்டும். கடைசி மணி உள்ளே போன பிறகு மேலும் ஒரு மணி நேரம் அதே வெப்பம். பிறகு ஒரு மணி நேரத்துக்கு 60 டிகிரி வீதம் 370 டிகிரி வரை இறக்கம். அதன்பின் சூளை அணைந்து தானாக ஆறலாம். கதவை மட்டும் காலை வரை திறக்காதீர்கள். குட்டி மணிகளுக்கு இது தாராளம். கட்டைவிரல் பருமன் தாண்டினால் நேரத்தைக் கூட்டுங்கள். மின்கட்டணம் பயப்படும்படி இருக்காது, ஒரு வேலைநாளுக்கு ஓரிரண்டு வெள்ளி ஆகலாம்.

அனீலிங் சரியாக நடந்ததா என்று பார்க்க ஒரு மலிவான வழி: ஒளிமுனைவுப் படலம் (போலரைசிங் ஃபிலிம்) இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, நடுவில் நிறமற்ற மணியைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இறுக்கம் மிஞ்சியிருந்தால் துளையைச் சுற்றி வெளிறிய ஒளித் திட்டுகள் மின்னும். ஒளிபுகா மணியில் இது தெரியாது.

ஐந்தாம் படி: வாயுவும் டார்ச்சும்

இப்போது டார்ச்சுக்கு வரலாம். தொடக்கக்காரருக்கு இரண்டே பாதைகள்.

ஒற்றை வாயு டார்ச் முதல் பாதை. ஹாட் ஹெட் என்ற பெயரில் விற்பது இதில் புகழ்பெற்றது. சிறு உருளையின் தலையில் நேரடியாகத் திருகிப் பொருத்துவது. பக்கத் துளைகள் வழியாக அறைக் காற்றையே இழுத்துக்கொள்ளும். தனி ஆக்சிஜன் தேவையில்லை. இரைச்சல் அதிகம், சூடு மிதம், மென்கண்ணாடிக்கு மட்டுமே. வேலை மெதுவாக நடக்கும், கற்பவருக்கு அது நல்லதுதான். சுடர் சற்று வாயு மிகுந்ததாக எரிவதால், செம்பு கலந்த நீலப்பச்சைக் குச்சிகள் செந்நிறப் படலம் பிடித்துக் கறுக்கலாம். சுடரின் நுனிப் பக்கமாகத் தள்ளிப் பிடித்து வேலை செய்தால் குறையும்.

வாங்கும் முன் திருகை ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்க உருளைகளுக்கு ஓர் அங்குல அகலத் திருகு. ஐரோப்பிய உருளைகளுக்கு அதில் பாதிக்கும் குறைவான 7/16 அங்குலம். இங்கே இரண்டு வகையும் விற்பனைக்கு வருவதுண்டு. உருளையை இங்கே கண்டுபிடித்த பிறகு அதற்கேற்ற டார்ச்சை வெளிநாட்டிலிருந்து தருவியுங்கள். வாயு நிறைந்த உருளையை யாரும் விமானத்தில் அனுப்ப மாட்டார்கள். ஒன்று கூடத் தெரிந்துகொள்ளுங்கள்: மேப் என்று பெயர் போட்டு இன்று விற்பது பழைய மேப் வாயு அல்ல. வட அமெரிக்காவில் அதன் தயாரிப்பு 2008இல் நின்றுவிட்டது; இப்போது உருளையில் இருப்பது பெரும்பாலும் புரொபிலீன். புரொபேனைவிடச் சூடு கூடுதல், இந்த வேலைக்குப் போதும். ஸ்டீம்போட் உணவுக்கு மேசையில் வைக்கும் அடுப்பின் பியூட்டேன் குப்பி மட்டும் வேண்டாம். தொடர்ந்து எரியும்போது குப்பி குளிர்ந்து, அழுத்தம் விழுந்து, சுடர் சோர்ந்துவிடும்.

இரண்டாம் பாதை, ஆக்சிஜனும் எரிவாயுவும் கலந்து எரிக்கும் டார்ச். நார்டெல் மைனர், கார்லைல் மினி சிசி, பெத்லஹேம் ஆல்ஃபா ஆகியவை தொடக்கத்திலிருந்தே பலர் வாங்குபவை. சுடர் கூர்மை, சத்தம் குறைவு, நிறம் கெடாது, சிறு போரோசிலிகேட் வேலையும் முடியும். ஆனால் இதற்குப் புரொபேன் உருளை, அழுத்தத்தை மாற்றக்கூடிய ரெகுலேட்டர், சுடர் பின்வாங்காமல் தடுக்கும் அடைப்பான், தனித்தனிக் குழாய் எல்லாம் வேண்டும். சமையல் அடுப்பின் ரெகுலேட்டர் ஏறத்தாழ 30 மில்லிபார்தான் தரும். டார்ச்சுக்கு அதைப் போலப் பல மடங்கு தேவை. குழாய் வழியாக வீட்டுக்கு வரும் நகர வாயு ஹைட்ரஜன் கலந்தது, அழுத்தமும் குறைவு; அந்தக் குழாயில் கைவைக்க உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளருக்கு மட்டுமே அனுமதி. அதில் ஒரு கிளை எடுத்துவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். அடுக்குமாடியில் இந்த இரண்டாம் பாதையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தரைவீட்டின் பின்முற்றத்துக்கு என்றால் தாராளமாக.

ஆக்சிஜனுக்கு உருளை வாங்குவதைவிட, அறைக் காற்றிலிருந்து பிரித்துத் தரும் செறிவூட்டி வசதி. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மருத்துவ வகை, மைனர் டார்ச்சுக்கும் மென்கண்ணாடிக்கும் போதும். பழையது வாங்கினால், எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரைப் பாருங்கள். தூய்மை 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறதா என்று அளவி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் உள்ளே நைட்ரஜனைப் பிடிக்கும் சியோலைட் துகள்களுக்கு ஈரம் பகை. நம் ஊர் ஈரப்பதத்தில் மாதக்கணக்கில் சும்மா போட்டுவைத்த கருவி கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். வாங்கிய பிறகும் அவ்வப்போது ஓடவிடுங்கள்.

ஆக்சிஜன் இணைப்புகளில் எண்ணெய் படவே கூடாது, தீப்பிடிக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு ஸ்பேனரைத் தொடாதீர்கள். இணைப்புகளைச் சோப்பு நீர் தடவிச் சோதியுங்கள், குமிழி வந்தால் கசிவு. புரொபேன் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே உருளையை மூடிய அலமாரியில் அடைக்காதீர்கள். அமெரிக்க டார்ச்சின் திருகும் இங்கே வெல்டிங் கடையில் கிடைக்கும் குழாய்த் திருகும் பொருந்தாமல் போகலாம். டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

ஆறாம் படி: கண்ணாடி

ஒரே விதி: சூட்டில் எவ்வளவு விரியும் என்று காட்டும் விரிவுக் குணகம் ஒத்த கண்ணாடிகளை மட்டும் கலக்கலாம். சிஓஇ என்று குச்சிக் கட்டில் அச்சிட்டிருக்கும் எண் அதுதான். மென்கண்ணாடி 104, போரோசிலிகேட் 33, புல்ஸ்ஐ 90. வேறு வேறு எண் கொண்டவை ஒரே மணியில் சேர்ந்தால் ஆறும்போது ஒன்று கூடுதலாகவும் மற்றது குறைவாகவும் சுருங்கும். எந்தச் சூளையும் அதைக் காப்பாற்றாது. தொடக்கத்துக்கு 104 போதும். இத்தாலியின் எஃபெத்ரே, மொரெத்தி என்ற பழைய பெயரிலும் வழங்குவது, இளகும் பதத்தில் பழகுவதற்கு இணக்கமானது.

எடையில் விற்பார்கள். ஐம்பது நிறக் கலவைப் பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு குச்சி வந்தால் எதிலும் கை பழகாது. நிறமற்றது 006, வெள்ளை 204, கறுப்பு 064, தந்த நிறம் 264, வெளிர் நீலப்பச்சை 232 ஆகிய ஐந்தில் தலா கால் கிலோ வாங்குங்கள். தந்த நிறத்தின் மேல் நீலப்பச்சைப் புள்ளி வைத்தால் இரண்டும் சேருமிடத்தில் கரும்பழுப்புக் கோடு தானாகப் படரும். வரையாமலே கிடைக்கும் அந்த ஓரத்துக்காகவே பலர் இந்தக் கலையில் ஒட்டிக்கொண்டார்கள். எனாமல் பொடிகளை இப்போது தொடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஈயமும் காட்மியமும் உண்டு. தூசு மூச்சில் போகும்.

டைகர் பீர்ப் புட்டியை உடைத்து உருக்கலாமா என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். ஒரே புட்டியின் கண்ணாடியை மட்டும் வைத்து மணி செய்யலாம். விறைப்பாக இருக்கும், கை வலிக்கும். வாங்கிய குச்சியோடு கலக்காதீர்கள்.

ஏழாம் படி: கம்பியும் சில்லறையும்

இங்கேதான் சிங்கப்பூர் நமக்குச் சாதகம். மணி சுற்றும் கம்பிகளை வெளிநாட்டுக் கைவினைக் கடைகள் ஒவ்வொன்றாக விலை போட்டு விற்கின்றன. ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடைகளில் ‘316எல் டிக் ராட்’ என்ற வெல்டிங் கம்பியைக் கேளுங்கள். கறுத்த அட்டைக் குழாயிலிருந்து ஒரு மீட்டர் நீள எஃகுக் கம்பிகளை உருவிக் காட்டுவார்கள். 1.6 மில்லிமீட்டரும் 2.4 மில்லிமீட்டரும் போதும். ‘அங்கிள், வெட்டித் தருவீர்களா?’ என்று கேட்டால், கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால் வெட்டியும் தருவார். ஒரு மீட்டரை நான்காக வெட்டினால் கைக்கு அடக்கமான நீளம். நுனியை அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் ஒரு விரற்கடை நீளத்துக்குச் சொரசொரப்பாக்கினால் பூச்சு நன்றாகப் பிடிக்கும். துத்தநாகப் பூச்சுள்ள கம்பி வேண்டாம், சூட்டில் அதன் புகை நஞ்சு.

அதே கடையில் டங்ஸ்டன் மின்முனையும் கேளுங்கள். மரப்பிடியில் செருகினால் கண்ணாடியைக் குத்தவும் இழுக்கவும் அருமையான ஊசி; சுடரில் உருகாது, கண்ணாடி எளிதில் ஒட்டாது. பச்சை நுனி போட்டது தூய டங்ஸ்டன். சிவப்பு நுனியில் கதிரியக்கமுள்ள தோரியம் கலந்திருக்கிறது, அதைத் தீட்டித் தூசு கிளப்பக் கூடாது. பச்சையையே வாங்குங்கள்.

மணி கம்பியோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் களிமண் பூச்சு, பீட் ரிலீஸ், வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒரு சிறு குப்பி வெகுகாலம் வரும். தயிர்ப் பதத்தில் கரைத்து, கம்பியை முக்கி, நிமிர்த்தி வைத்து உலரவிடுங்கள். மழைக்காலத்தில் உலர நேரம் பிடிக்கும். ஈரம் மிஞ்சிய பூச்சு சுடரில் பொரிந்து உதிரும். கண்ணாடியை உருட்டிச் சமன்செய்ய ஒரு சிறு கிராஃபைட் தட்டு வாங்குங்கள். இடுக்கியும் பழைய எஃகு வெண்ணெய்க் கத்தியும் வீட்டிலேயே இருக்கும். அச்சுகளும் அழுத்திகளும் நிறைந்த அழகுப் பெட்டிகளை ஆறு மாதம் கழித்துப் பாருங்கள்.

எட்டாம் படி: மேசையும் உடையும்

புதுப்பிப்பு வேலையில் மிஞ்சிய பெரிய தரை ஓடு (டைல்) ஒன்றை மேசைமேல் பரப்புங்கள், அல்லது எஃகுத் தகடு. டார்ச்சை இரும்புப் பிடியால் மேசையில் இறுக்கி, சுடர் உங்களைவிட்டு விலகிச் சரிந்து எரியும்படி வையுங்கள். முன்னால் திரைச்சீலை, நாட்காட்டி, சாமி படத்துக்குப் போட்ட காகித மாலை எதுவும் இருக்கக் கூடாது.

உடை பருத்தி. பாலியெஸ்டர் சுடிதாரும் துப்பட்டாவும் சூடான கண்ணாடித் துண்டு விழுந்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். முடியைக் கட்டுங்கள். வீட்டுக்குள் செருப்புப் போடும் வழக்கம் நமக்கு இல்லை. இந்த ஒரு வேலைக்கு மட்டும் அதைத் தளர்த்தி மூடிய காலணி அணியுங்கள். குச்சியைச் சட்டெனச் சுடருக்குள் நுழைத்தால் நுனி பட்டாணிபோல் வெடித்துத் தெறிக்கும், பெரும்பாலும் பாதத்தை நோக்கித்தான். உலர்தூள் தீயணைப்பான் கதவருகே இருக்கட்டும். சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் ஓடும் குழாய் நீர், பற்பசையோ மஞ்சளோ அல்ல.

ஒன்பதாம் படி: தருவிப்பது

கண்ணாடி கனம், அனுப்பும் கட்டணம் விலையை எட்டிப்பிடிக்கும். குச்சி, பூச்சு, கண்ணாடியணி மூன்றையும் ஒரே கடையில் ஒரே பொதியாக வாங்குங்கள். 400 வெள்ளியைத் தாண்டும் இறக்குமதிக்குப் பொருள் விலையோடு அனுப்பும் கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்த தொகையின் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி வரும். சூளையின் கணக்குப் போடும்போது இதை விட்டுவிடாதீர்கள். பழகியவர் சிலர் சேர்ந்து குச்சி தருவித்தால் மிச்சமாகும். மணிகளை விற்கும் எண்ணம் இருந்தால், வீட்டிலிருந்து நடத்தும் தொழிலுக்கு வீவகவின் விதிகள் தனி. அதையும் அந்த முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடலாம்.

பத்தாம் படி: முதல் நாள்

விசிறியை ஓடவிட்டு, கண்ணாடியணி மாட்டி, சூளை 515 டிகிரியை எட்டிய பிறகு டார்ச்சைப் பற்றவையுங்கள். இரு வாயு டார்ச் என்றால் திறக்கும்போது எரிவாயு முதலில், ஆக்சிஜன் பிறகு. மூடும்போது ஆக்சிஜன் முதலில், எரிவாயு பிறகு.

குச்சியைச் சுடரின் நுனிக்கு அப்பால் ஆட்டிக் காட்டி, மெல்ல உள்ளே கொண்டுவாருங்கள். இடக்கையில் கம்பி, அதன் பூச்சு மங்கிய செந்நிறமாகச் சூடேறட்டும். வலக்கையில் குச்சியின் நுனி தேன்போலத் தளர்ந்ததும் கம்பியில் தொட்டு, கம்பியை உங்களைவிட்டு எதிர்ப்புறமாக உருட்டுங்கள். கண்ணாடியைச் சுற்ற வேண்டாம், கம்பியைத்தான் சுற்ற வேண்டும். சுழற்சி நின்றால் மணி தொங்கிவிடும். இரண்டு ஓரங்களும் துளையை நோக்கி உட்குழிந்து வந்தால் மணி சரி. ஓரம் ஊசிபோல் கூர்ந்து நின்றால் கண்ணாடி போதவில்லை, நூலை அறுத்துவிடும். சுடரிலிருந்து வெளியே எடுத்து, செந்நிறம் மங்கும்வரை சுழற்றிக்கொண்டே இருந்து, சூளையில் வையுங்கள்.

மறுநாள் மணியைக் கம்பியோடு ஒரு கிண்ணம் நீரில் ஊறவிட்டு, கம்பியை இடுக்கியால் பிடித்து, மணியைத் துணியால் சுற்றித் திருகினால் கழன்று வரும். துளைக்குள் ஒட்டியிருக்கும் பூச்சை வைர அரத்தால் நீருக்குள்ளேயே சுரண்டுங்கள். உலர்வாகத் தேய்த்தால் கிளம்பும் தூசு நுரையீரலுக்குக் கேடு. கிண்ணத்தின் அடியில் படியும் களிமண் சேற்றைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். மேல்நீரை வடித்துவிட்டு, சேற்றைப் பழைய செய்தித்தாளில் கொட்டி, ஈரத்தோடு மடித்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.